கிரான்பெர்ரியும் களாக்காயும்: கல்லாவில் இருப்பவர் அறிய வேண்டியவை

கிடைக்கப் போகும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து வணிகர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்கத் தேவையில்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்துப் பலாவும் நமக்குத் தெரியும். நார்த்தாமலைப் பக்கத்துக் கரடுகளிலும் கோயில் காடுகளிலும் முள்ளோடு நிற்கும் களாவும் நமக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே இப்போது கடல் கடந்து மூன்றாவதாக ஒரு சரக்கு வந்து நம் கண்ணாடி ஜாடிகளில் உட்கார்ந்திருக்கிறது. முந்திரி, திராட்சை, பேரீச்சைக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று இருக்கும் கிரான்பெர்ரியைத்தான் சொல்கிறோம்.

கீழராஜவீதியின் பெரிய மளிகையில் மட்டுமல்ல, வட்டாரத் தலைநகர்களின் கடைகளிலும் இதைக் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் பலகாரத்துக்காகக் கேட்பதில்லை. "அண்ணே, நீர்க்கடுப்புக்கு நல்லதாமே, ஒரு நூறு கிராம் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அந்த இடத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மருந்துக் கடைக்காரர் மருத்துவர் சீட்டைப் பார்த்துக் கொடுக்கிறார். நம்மிடம் சீட்டு எதுவும் கிடையாது, நம் வாய்ச்சொல்தான் சீட்டு. வாடிக்கையாளர் அதை நம்பித்தான் வாங்குகிறார்.

எங்கிருந்து வருகிறது?

கிரான்பெர்ரி வட அமெரிக்காவின் பழம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம்தான் விளைச்சலில் முதலிடம், மாசசூசெட்ஸ் அடுத்து. கனடாவில் கியூபெக் மாகாணம். புளிப்பு மண் கொண்ட சதுப்பு நிலத்தில் தரையோடு படரும் கொடி. அறுவடை வேடிக்கையாக இருக்கும்: வயலுக்கு நீர் பாய்ச்சி நிரப்புவார்கள், பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் கொடியிலிருந்து உதிர்ந்ததும் அப்படியே மிதக்கும், வாரிக் கரை சேர்ப்பார்கள். நம் ஊர் மண்ணிலும் வெயிலிலும் இது விளையாது. நீலகிரி, கொடைக்கானல் சோலைக் காடுகளில் இதன் தாயாதி மரம் ஒன்று உண்டு என்றாலும் அது வணிகச் சரக்கு அல்ல. தமிழில் இதற்குக் குருதிநெல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் அழகுதான், ஆனால் நெல்லிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. "நெல்லி மாதிரிதானே" என்று சொல்லி விற்பதும் தவறு. வைட்டமின் சி கணக்கில் நெல்லியின் அருகே இது வரவே முடியாது.

நம் நாட்டில் இதன் வரத்து கூடியதற்கு ஒரு வழக்கும் காரணம். 2023 செப்டம்பரில் இந்தியாவும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் இருந்த கோழி இறக்குமதித் தகராறைப் பேசி முடித்துக்கொண்டன. அந்த உடன்பாட்டின் ஒரு பகுதியாகப் புதிய, உறைந்த, உலர்ந்த, பதப்படுத்திய கிரான்பெர்ரி, புளூபெர்ரி ஆகியவற்றின் மீதான இறக்குமதி வரியைக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. கோழிக்கு நடந்த வழக்கில் பழத்துக்கு யோகம் அடித்தது என்று சொல்லலாம்.

மொத்த வியாபாரிகள் பார்க்கும் பெட்டியில் 11.34 கிலோ என்று அச்சிட்டிருக்கும். இது என்ன கணக்கு என்று பலர் கேட்கிறார்கள். 25 பவுண்டு என்பதன் கிலோக் கணக்கு அது. 11 கிலோ என்றோ 12 கிலோ என்றோ தலைக்கணக்காக விலை போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய் எங்கே போயிற்று என்று பிறகு தேட நேரும்.

ஜாடியில் இருப்பது பழம் மட்டுமல்ல

புதிய கிரான்பெர்ரியை வாயில் போட்டால் முகம் சுருங்கும். அத்தனை புளிப்பும் துவர்ப்பும். 100 கிராம் புதிய பழத்தில் சர்க்கரை சுமார் 4 கிராம்தான், சக்தி 46 கலோரி, வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம். ஆனால் இந்தப் புதிய பழம் நம் கடைக்கு வருவதில்லை.

நாம் விற்பது உலர்ந்தது. அதைச் செய்யும் விதத்தை அறிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பழத்தை நறுக்கி, சாற்றின் பெரும்பகுதியைத் தனியே எடுத்துவிடுவார்கள். அந்தச் சாற்றுக்குத் தனி வியாபாரம் உண்டு. மிஞ்சிய தோலும் சதையும் சர்க்கரைப் பாகில் ஊறும். பிறகு உலர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சிறிது சூரியகாந்தி எண்ணெய் தெளிப்பார்கள். இதன் விளைவாக, உலர்ந்த இனிப்புக் கிரான்பெர்ரி 100 கிராமில் சர்க்கரை சுமார் 70 கிராம், சக்தி 300 கலோரிக்கு மேல். வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. நார்ச்சத்து 5 கிராம் அளவில் உண்டு, அது நல்லதுதான்.

உலர் திராட்சையிலும் 100 கிராமுக்கு 60 கிராம் போலச் சர்க்கரை இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திராட்சையில் இருப்பது அதன் சொந்தச் சர்க்கரை; இதில் இருப்பதில் பெரும்பங்கு வெளியிலிருந்து ஏற்றியது. கைப்பிடி அளவு, அதாவது 30 கிராம் தின்றால் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு இத்தகைய சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. "சர்க்கரை வியாதிக்காரர் சாப்பிடலாமா?" என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆப்பிள் சாற்றில் இனிப்பூட்டியது என்று உயர்ந்த விலையில் ஒரு ரகம் வருகிறது. அதையும் சர்க்கரை இல்லாதது என்று விற்க வேண்டாம்; ஆப்பிள் சாற்றின் இனிப்பும் சர்க்கரைதான்.

நீர்க்கடுப்பு விவகாரம்

இதில் உண்மை உண்டு, ஆனால் அரைகுறையாகக் கேள்விப்பட்ட உண்மை. சிறுநீர்ப் பாதையில் தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமி. அது பாதையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் பெருக முடியும். கிரான்பெர்ரியில் உள்ள ஒருவகைத் துவர்ப்புச் சத்து அப்படி ஒட்டவிடாமல் தடுக்கிறது. நம் கடுக்காயின் துவர்ப்பும் பாக்கின் துவர்ப்பும் வேறு, இதன் அமைப்பு வேறு. கோக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 2023-இல் 50 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் சுமார் 8,850 பேர் பங்கேற்றிருந்தார்கள். அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், சில சிகிச்சைகளுக்குப் பின் தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்களுக்கும் கிரான்பெர்ரிப் பொருள்கள் மறுபடி வருவதைக் குறைக்கின்றன என்பது முடிவு. கர்ப்பிணிகளுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் அத்தகைய பயன் தெரியவில்லை.

இதில் இரண்டு செய்திகளை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இது வருமுன் காப்பதைப் பற்றிய பேச்சு. வந்துவிட்ட தொற்றைக் கிரான்பெர்ரி தீர்க்காது. காய்ச்சலும் குளிரும் முதுகுவலியுமாக இருக்கும் ஒரு பெண் நூறு கிராம் பொட்டலத்தை நம்பி மூன்று நாள் வீட்டில் இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடும். நம் கடைச் சொல்லால் அந்த மூன்று நாள் தாமதம் வரக்கூடாது.

இரண்டாவது, அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சாறு, மாத்திரை ஆகியவற்றை வைத்து நடந்தவை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஜூலையில் சில கிரான்பெர்ரிப் பொருள்களுக்கு மட்டும், அதுவும் சான்று குறைவு என்ற குறிப்போடு, இப்படி ஒரு வாசகம் அச்சிட ஆட்சேபம் இல்லை என்றது. 27 சதவீதமாவது கிரான்பெர்ரிச் சாறு உள்ள பானம், 500 மில்லிகிராம் கிரான்பெர்ரிப் பொடி கொண்ட மாத்திரை ஆகியவையே அதில் அடங்கும். உலர்ந்த கிரான்பெர்ரி அதில் சேராது என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. விளைகிற நாட்டிலேயே அச்சிட முடியாத வாசகத்தை நாம் புதுக்கோட்டையில் அட்டையில் எழுதித் தொங்கவிடலாமா?

சட்டமும் இடம் தராது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 53-ஆம் பிரிவுப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2018-இன் விளம்பர ஒழுங்குமுறைகளும் உணவு நோயைக் குணமாக்கும் என்று சொல்வதைத் தடுக்கின்றன. சிறுநீரகக் கல், நீரிழிவு போன்றவற்றுக்குத் தீர்வு என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு தனிச் சட்டம் தடை செய்திருக்கிறது. நீர்க்கடுப்பும் கல்லும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி நினைத்துக் கல்லுக்காக வாங்க வருபவர்களிடம் "அதற்கு இது இல்லை, டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் என்று தெரிந்தால், மருத்துவரைக் கேட்காமல் தினசரி சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நூறு கிராம் வியாபாரம் போகும். அந்த வீட்டு மாத மளிகைச் சீட்டு நம்மிடம் இருக்கும்.

அப்படியானால் எதற்காக விற்பது? சமையலுக்காக.

அடுப்படியில்

நெய்ச்சோறு, புலாவ் ஆகியவற்றில் திராட்சை போடும் இடத்தில் பாதிக்குப் பாதி இதைப் போட்டால் புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருக்கும். நெய்யில் அதிகம் வறுக்கக் கூடாது. ஏற்றிய சர்க்கரை சட்டென்று கரிந்து கசக்கும். அடுப்பை அணைத்தபின் சூட்டில் புரட்டினால் போதும். ரவா கேசரிக்கும் சேமியாவுக்கும் பொருந்தும். மிக்சரில் கலக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. அதை எல்லாம் ஆறிய பின்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓமப்பொடி நமுத்துப் போகும்.

பால் பாயசத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொதிக்கும் பாலில் போட்டால் புளிப்பு பட்டுப் பால் திரிந்துவிடும். கடைக்காரர் சொல்லியிருக்கலாமே என்று நம் மீதுதான் வருத்தப்படுவார்கள். பாயசம் ஆறியதும் மேலே தூவச் சொல்லுங்கள்.

மாங்காய்ப் பச்சடி மாதிரி இதில் ஒரு பச்சடி உண்டு. 100 கிராம் உலர்ந்த பழத்தை மூழ்கும் அளவு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடு குழைய வேகவிட்டு, உப்பு, மிளகாய்த்தூள், துருவிய இஞ்சி சேர்த்துக் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்க வேண்டியதுதான். வெல்லம் வேண்டாம், ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது. புளிப்பு குறைவாகத் தோன்றினால் ஓர் எலுமிச்சை மூடி பிழியலாம்.

நம்முடைய களாக்காய்

இத்தனை தூரம் கடல் கடந்த புளிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, வாசலில் நிற்கும் புளிப்பைப் பேசாமல் விட்டால் சரியில்லை. களா கிரான்பெர்ரிக்கு உறவில்லை. அது அரளிக் குடும்பத்துச் செடி. ஆனாலும் சமையலறையில் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். புளிப்பு, துவர்ப்பு, பாகில் தானாக இறுகும் தன்மை, சிவப்பு நிறம் ஆகிய நான்கும் இரண்டிலும் உண்டு. நம் பக்கம் சிறுகளா, பெருங்களா என இரண்டு வகை. சிறுகளா கரட்டிலும் புதர்க்காட்டிலும் தானாக வருவது. கோடையில் காய்த்து, ஆடி ஆவணிவாக்கில் பழுத்துக் கறுக்கும். ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் பழமாகவே தின்று வாயெல்லாம் கறையோடு வீடு திரும்புவார்கள். காயாகப் பறித்தால் ஊறுகாய். துவையல், பச்சடி, புளிக்குப் பதிலாகக் குழம்பு என்று எல்லாவற்றுக்கும் ஆகும். தைலமரம் நட்ட இடங்களில் இந்தப் புதர்கள் குறைந்துவிட்டன என்பது கிராமத்தில் எவரும் சொல்லும் செய்தி.

சத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் பழைய அட்டவணையில் உலர்ந்த களாக்காய் 100 கிராமுக்கு 39.1 மில்லிகிராம் இரும்பு என்று ஓர் எண் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு இரத்தசோகைக்குக் களாக்காய் ஊறுகாய் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் உலர்ந்த காய்க்கு உரியது; ஊறுகாயில் ஒருவர் தொட்டுக்கொள்வது இரண்டு காய். கிரான்பெர்ரிக்குச் சொன்ன அதே நியாயத்தை நம் சரக்குக்கும் சொல்லத்தானே வேண்டும். ருசிக்காக விற்கலாம், உப்பும் எண்ணெயும் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

களாக்காய்க்கு இன்னொரு வேடமும் உண்டு. பேக்கரிக் கேக்கின் தலையில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் "செர்ரி" பெரும்பாலும் செர்ரியே அல்ல. வடநாட்டில் கரோண்டா என்று அழைக்கப்படும் இந்தக் களாக்காய்தான். கொட்டை நீக்கி, நிறத்தை வெளுத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, பாகில் படிப்படியாக ஊறவைத்தது. டின்னிலோ உறையிலோ பொடி எழுத்தில் கரோண்டா என்று இருக்கும், கவனித்துப் பாருங்கள். அதைக் கரோண்டா செர்ரி என்றே பில் போட்டு விற்பதில் குற்றமில்லை. பிரித்துப் பொட்டலம் கட்டி வெறும் செர்ரி என்று சீட்டு ஒட்டினால், பெயர் தவறாகக் குறித்த உணவு என்ற வகையில் சேரும். அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சாயம் ஏற்றிய காயைக் கிரான்பெர்ரி என்று உங்களிடமே யாராவது தள்ளிவிடப் பார்த்தால், கடை மேசையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சில துண்டுகளைச் சூடான நீரில் ஊறவைத்து, அந்தச் சிவப்பு நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். கிரான்பெர்ரியின் இயற்கை நிறம் ஊதாவாகவோ நீலம் பாய்ந்த பழுப்பாகவோ மாறும். செயற்கைச் சாயம் பெரும்பாலும் சிவப்பாகவே நிற்கும். இது ஆய்வுக்கூட முடிவுக்கு ஈடாகாது; ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்க இவ்வளவு போதும்.

இருப்பும் கொள்முதலும்

கிரான்பெர்ரியின் முதல் எதிரி நம் சித்திரை வெயில். தகரக் கூரைக் கிடங்கில் பெட்டியை வைத்தால் கட்டிபிடித்துக் கறுத்து, தெளித்த எண்ணெய் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். சிறு கடைக்காரர்கள் முழுப் பெட்டி எடுப்பதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி இருந்தால் அதில் வைப்பதே மேல். கார்த்திகை, மார்கழியில் கிறிஸ்துமஸ் கேக்குக்காகக் கேட்பு கூடும். அந்த மாதங்களுக்குக் கணக்கிட்டு எடுங்கள். உதிரியாகப் பொட்டலம் கட்டுபவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண், கட்டியவர் பெயர் முகவரி, நிகர எடை, கட்டிய மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பது ஆகியவற்றோடு, சேர்த்த சர்க்கரையையும் எண்ணெயையும் மூலப்பொருள் பட்டியலில் மறக்காமல் குறிக்க வேண்டும்.

களாக்காயைப் பொறுத்தவரை, காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறித்ததை வாங்க வேண்டாம். வேலிக்காகப் பெருங்களா வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. முள் வேலியும் ஆயிற்று, காயும் ஆயிற்று என்று வைத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் பருவத்துக்கு முன்பே பேசி வைக்கலாம். காய் பச்சையாக, கெட்டியாக, காம்போடு இருக்க வேண்டும். சில நாள் தாங்கும். சிவந்து மென்மையானது இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும், அதை அன்றே பாகுக்கோ ஜாமுக்கோ அனுப்பிவிட வேண்டியதுதான்.

வாங்குகிறவர்களிடம் ஊறுகாய்ப் பக்குவத்தையும் சேர்த்துச் சொன்னால் அரைக் கிலோ கேட்டவர் ஒரு கிலோ எடுப்பார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் கீற வேண்டும், பால் ஒட்டும். அரைக் கிலோ காயைக் கழுவித் துடைத்து, இரண்டாகக் கீறிக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு இரண்டு நாள் குலுக்கி வைக்க வேண்டும். பிறகு 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, 50 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், உப்பில் ஊறிய காய் எல்லாம் சேர்த்துச் சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். ஆறியபின் கண்ணாடி ஜாடி அல்லது பீங்கான் ஜாடி. அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் இந்தப் புளிப்புக்கு ஆகாது. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் துவர்ப்பு அடங்கியிருக்கும்.